இனாம் நிலம் 160 ஏக்கர்!

ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்று நம்ம ஊரில் ஒரு சொலவடை உண்டு. ஓசியில் நிலம் கிடைத்தால்? அதுவும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு இல்லை சார்... 160 ஏக்கர்!

அப்படி அள்ளிக் கொடுத்த சீமையைத்தான் மூன்று நாள் காரில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் ப்ரெய்ரி புல்வெளி.

கம்பெனி எங்கள் இரண்டு பேரை ஆறு மாதத்துக்கு அமெரிக்கா அனுப்புகிறது என்றதும் தெருவே திரண்டு வந்து வழியனுப்பியது. நியூயார்க்கா, நயாகராவா என்று கேட்டார்கள். ஒமாஹா என்றேன். "அது ஏதோ சூயிங்கம் பேரு மாதிரி இருக்கே" என்றார் எதிர்வீட்டு மாமா. நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஆபீஸில் விசாரித்தால், "மக்காச்சோளம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

கூட வந்தவன் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பெயரைப் போட மாட்டேன். வெள்ளிக்கிழமை லீவுக்கு அவன் எழுதிக் கொடுத்த காரணம், 'பல் பிடுங்க வேண்டும்'. ஆகவே மாப்ளே என்றே வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் மாதம். விடியற்காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். தெற்கே இரண்டு மணி நேரம் போனால் பியாட்ரிஸ் என்று ஒரு ஊர். ரோட்டில் வளைவு என்பதே கிடையாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரே போகிறது. ஒவ்வொரு மைலுக்கும் ஒரு குறுக்கு ரோடு.

"என்னடா இது, கணக்கு நோட்டுக்குள்ள கார் ஓட்டுற மாதிரி இருக்கு" என்றான் மாப்ளே.

நோட்டேதான். 1785-லேயே சட்டம் போட்டு, நிலத்தைக் கட்டம் கட்டமாக அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் என்றால் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. ஆறு, ஓடை, மேடு, பள்ளம் எதைப் பற்றியும் கவலையில்லை. யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியும்தான்.

★

பியாட்ரிஸுக்குப் பக்கத்தில் இந்த இனாம் நிலக் கதைக்கென்றே ஒரு தேசியப் பூங்கா வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தின் கூரை கலப்பைக் கொழு மாதிரி வளைந்து நிற்கிறது. கார் நிறுத்தும் இடம் சரியாக ஒரு ஏக்கர். ஏக்கர் என்றால் எவ்வளவு என்று டவுன்காரனுக்குப் புரியவேண்டுமே, அதற்காக. நான் அதன் குறுக்கே நடந்து பார்த்தேன். இதைப்போல 160 என்று நினைத்ததும் கால் வலித்தது.

1862 மே 20-ம் தேதி ஆப்ரஹாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கியிருக்கக் கூடாது. கல்யாணமாகாத பெண்களும் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வீடு கட்டி, உழுது, ஐந்து வருஷம் குடியிருந்தால் 160 ஏக்கருக்குப் பட்டா. மொத்தச் செலவு 18 டாலர்.

1863 ஜனவரி 1-ம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. முதல் நாளே மனு போட்டவர்களில் ஒருவர் டேனியல் ஃப்ரீமன். பட்டாளத்துக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில், நில அலுவலகக் குமாஸ்தாவிடம் கெஞ்சி, நள்ளிரவு தாண்டியதும் ஆபீஸைத் திறக்க வைத்தார் என்பது கதை. தாலுகா ஆபீஸைப் பகல் பன்னிரண்டு மணிக்கே திறக்க வைக்க முடியாத நாங்கள் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தோம். அவருடைய நிலத்தில்தான் இன்று பூங்கா இருக்கிறது.

தில்லுமுல்லு இல்லாமலா? பன்னிரண்டுக்குப் பதினாலு வீடு கட்ட வேண்டும் என்று விதி இருந்ததாம். அடியா, அங்குலமா என்று எழுதவில்லையாம். சில புண்ணியவான்கள் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினாலு அங்குலம் பொம்மை வீடு ஒன்றைச் செய்து வைத்து, 'கட்டிட்டேங்க' என்று சத்தியம் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள்.

"நம்மாளுங்க யாராச்சும் அப்பவே போயிருப்பாங்களோ?" என்று சந்தேகப்பட்டான் மாப்ளே.

இந்தச் சட்டத்தில் சுமார் 16 லட்சம் பேர் பட்டா வாங்கியிருக்கிறார்கள். கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர். எட்டுத் தமிழ்நாடு!

ஆனால் நேர்மையாகக் குடியேறியவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வீடு கட்ட மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் புல். அதனால் புல்லையே வீடாக்கினான். வேரோடு பின்னிக் கிடந்த மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினான். கூரையும் அதேதான். மழை பெய்தால் வீடு ஒழுகும். மழை நின்ற பிறகும் ஒழுகும். சமைக்கும்போது சட்டிக்குள் மண் விழும், சில நாள் பாம்பும் விழும். கூரைக்குக் கீழே துணி கட்டிச் சமாளித்தார்கள்.

அடுப்பெரிக்க விறகு ஏது? காட்டெருமைச் சாணம், பிறகு மாட்டுச் சாணம். காய்ந்ததைப் பொறுக்கி எரித்தார்கள்.

மாப்ளே முகத்தில் வெளிச்சம். "எங்க அப்பத்தா வரட்டி தட்டும்போது மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஓடுவேன்டா. இவங்களும் நம்ம பார்ட்டிதானா!"

★

தெற்கே கான்ஸஸ் மாநிலத்துக்குள் நுழைந்து இரண்டரை மணி நேர ஓட்டம். கவுன்சில் க்ரோவ் என்ற ஊரில் காபி குடிக்க நிறுத்தினோம். காபி என்று அவர்கள் சொன்னார்கள், நாங்கள் நம்பினோம்.

இனாம் நிலம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் உறைக்கிறது. கான்ஸஸ் என்ற பெயரே இங்கே வாழ்ந்த கான்ஸா மக்களிடமிருந்து வந்தது. கா என்றும் அவர்களைச் சொல்வார்கள். காட்டெருமை வேட்டை, ஆற்றோரத்தில் மக்காச்சோளம், இதுதான் பிழைப்பு. 1846-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, இந்த ஊரைச் சுற்றி இருபது மைல் சதுரம்தான் இனி உங்களுக்கு என்றார்கள். 1859-ல் அதிலும் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1873-ல் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் மட்டும் மாநிலத்துக்கு!

அந்தச் சின்ன வயதில் இங்கே பாட்டியோடு வளர்ந்த கா வம்சத்துப் பையன் ஒருவன், சார்லஸ் கர்டிஸ், பிற்பாடு அமெரிக்காவின் துணை ஜனாதிபதி ஆனார். 1929 முதல் 1933 வரை. அவ்வளவு உயரம் போன மகனாலும் ஊரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

2000-ம் வருஷம் கா மக்கள் இந்த ஊருக்குப் பக்கத்தில் சுமார் 150 ஏக்கரைத் திரும்ப வாங்கினார்கள். இனாமாக இல்லை. விலை கொடுத்து.

"தன்னோட நிலத்தையே காசு குடுத்து வாங்கியிருக்காங்க" என்றான் மாப்ளே. அதற்குப் பிறகு இருபது மைலுக்கு அவன் வாயே திறக்கவில்லை. பல் வலி என்று பொய் சொன்னது பலித்துவிட்டதோ என்று பயந்தேன்.

★

ஸ்ட்ராங் சிட்டி என்ற ஊர். பெயரில்தான் சிட்டி, இருப்பது சில நூறு பேர். பக்கத்திலேயே உயரப் புல்வெளிக் காப்பகம், ஏறக்குறைய 11,000 ஏக்கர், 1996-ல் அமைத்தது.

காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். புல் என்றால் ஏதோ பார்க்கில் 'மிதிக்காதீர்' போர்டுக்குப் பின்னால் இருக்குமே, அது என்று நினைத்திருந்தேன். பிக் ப்ளூஸ்டெம் என்ற புல் தாழ்வான இடங்களில் என் தலைக்கு மேலே நின்றது. ஆறேழு அடி. செப்டம்பரில் செம்பு நிறம். காற்று அடித்தால் மலைச்சரிவு முழுக்க ஓர் அலை ஓடி, அடுத்த சரிவில் ஏறுகிறது. மனுஷ சத்தம் இல்லை. தூரத்தில் கரும்புள்ளிகளாகக் காட்டெருமைகள். 2009-ல் கொண்டுவந்து விட்டார்களாம். ஒரு காலத்தில் சுமார் 3 கோடி எருமைகள் திரிந்த பூமி. 1880-கள் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் கீழே சுட்டுத் தள்ளிவிட்டார்கள்.

மாப்ளே குனிந்து ஒரு புல் தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"இதோட வேர் எம்புட்டு ஆழம் போகும்?"

பத்து அடிக்கும் கீழே. மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பதுதான் அதிகம். தீ வைத்தாலும் மறுபடி துளிர்க்கும். வைக்கவும் செய்கிறார்கள், வசந்த காலத்தில், வேண்டுமென்றே. அந்தக் காலப் பழங்குடிகள் செய்ததுதான். தீ இல்லையென்றால் மரம் முளைத்துப் புல்வெளியை மூடிவிடும். மழை இல்லாத வருஷத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வேர்தான். ஆயிரக்கணக்கான வருஷமாக மக்கி மக்கி, உலகத்திலேயே கொழுத்த மண்ணில் ஒன்றை உண்டாக்கியதும் இதே வேர்தான்.

இந்த வேரிடம் மரக் கலப்பையும் வார்ப்பிரும்புக் கொழுவும் தோற்றுவிட்டன. மண் அப்பிக்கொள்ளும், பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்திச் சுரண்ட வேண்டும். 1837-ல் இலினாய் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர், வழவழப்பான எஃகுக் கொழுவை அடித்துக் கொடுத்தார். புல்லுக்குச் சனி பிடித்தது. 17 கோடி ஏக்கர் உயரப் புல்வெளியில் இன்று மிச்சம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான்.

இது மட்டும் எப்படித் தப்பியது? யாரும் இரக்கப்பட்டு விடவில்லை சார். மேல்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக் கல்லும் சக்கிமுக்கிக் கல்லும். கலப்பை உள்ளே இறங்கவில்லை. கல் காப்பாற்றியது!

★

மறுநாள் மேற்கே, ஐம்பதாம் நம்பர் ரோட்டில். குன்றுகள் முடிந்ததும் பூமி தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. ஊர் வருவதற்குப் பத்து மைல் முன்னாலேயே வெள்ளையாகக் கோபுரம் தெரியும். கிட்டப் போனால் கோயில் இல்லை, தானியக் கிடங்கு.

நியூட்டன் என்ற ஊரைத் தாண்டும்போது ஒரு விஷயம். 1874-ல் ரஷ்யாவிலிருந்து மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். பூர்விகத்தில் ஜெர்மன் பேசுபவர்கள். கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் பயந்து கிளம்பியவர்கள், விதைக் கோதுமையைக் கையோடு கொண்டுவந்தார்கள். பெயர் டர்க்கி ரெட். இலையுதிர் காலத்தில் விதைத்தால், பனிக்குக் கீழே தூங்கி எழுந்து, ஜூனில் அறுவடைக்கு வரும். கோடை வெயில் கொளுத்துவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். கான்ஸஸ் கோதுமைச் சீமையானது இந்த விதையால்தான்.

வழியில் கின்ஸ்லி என்று ஒரு ஊர். அங்கே போர்டு: நியூயார்க் 1,561 மைல், சான் ஃப்ரான்சிஸ்கோ 1,561 மைல். இரண்டு பக்கமும் சம தூரம். "அங்கிட்டும் போக முடியாது, இங்கிட்டும் போக முடியாது. நம்ம இன்க்ரிமெண்ட் மாதிரி" என்றான் மாப்ளே. பேச்சு திரும்பிவிட்டது, நல்லவேளை.

அடுத்தது டாட்ஜ் சிட்டி. கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் துப்பாக்கிச் சண்டை. நிஜத்தில் முதல் வியாபாரம் காட்டெருமைத் தோல். 1870-களில் இங்கிருந்து ரயில் ரயிலாகத் தோல் போனது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நூறாவது தீர்க்க ரேகை இந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. இதற்குக் கிழக்கே மழை பரவாயில்லை. மேற்கே வருஷத்துக்கு இருபது அங்குலம்கூட நிச்சயமில்லை. ஜான் வெஸ்லி பவல் என்ற நில ஆய்வாளர் 1878-லேயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்: மேற்கே 160 ஏக்கரை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது, மேய்ச்சலுக்கு என்றால் குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று. யார் கேட்டார்கள்? நிலம் விற்ற ரயில்வே கம்பெனிகளுக்கும் புரோக்கர்களுக்கும் பிடித்த தத்துவம் வேறு. உழுதால் மழை தானாகப் பின்னால் வரும் என்பது அது. அச்சடித்தே விற்றார்கள்.

நம்ம ஊரில் மழைக்குக் கழுதைக் கல்யாணம் செய்வோம். சிரிக்காதீர்கள். கழுதைக் கல்யாணத்தால் மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை!

★

சாயங்காலம் கார்டன் சிட்டி. உழுதவன் பின்னால் கடைசியில் என்ன வந்தது என்று இங்கே கேட்டால் சொல்வார்கள்.

முதல் உலகப் போரில் கோதுமை விலை உச்சிக்குப் போனது. டிராக்டர் வந்தது. மேற்கே மிச்சமிருந்த குட்டைப் புல்லையும் லட்சக்கணக்கான ஏக்கரில் புரட்டிப் போட்டார்கள். 1930-களின் ஆரம்பத்தில் விலை படுத்துவிட்டது, கூடவே மழையும் நின்றது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண், எழுந்து நடக்க ஆரம்பித்தது. 1934 மே மாதம் கிளம்பிய தூசி நியூயார்க்கைத் தாண்டி அட்லாண்டிக் சமுத்திரத்தில் போன கப்பல்கள்மேல் விழுந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கருப்பாக ஒரு மண் மலை வடக்கிலிருந்து உருண்டு வந்தது. பகல் இருட்டானது. தன் கை தனக்கே தெரியவில்லை. கறுப்பு ஞாயிறு என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜன்னலுக்கு ஈரத் துணி. தட்டைக் கவிழ்த்து வைத்து, சோறு போடும் நிமிஷத்தில்தான் திருப்புவார்கள். தூசி நுரையீரலில் இறங்கிக் குழந்தைகள் செத்தன. அந்த மாதமே, ஹ்யூ பென்னட் என்ற மண் விஞ்ஞானியின் விடாப்பிடியால், மண் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. 1940-க்குள் சமவெளி மாநிலங்களிலிருந்து 25 லட்சம் பேர் வெளியேறிவிட்டார்கள் என்பது கணக்கு. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்கள் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தன.

இருந்தவர்களுக்குப் பிறகு ஒரு புதையல் கிடைத்தது, காலுக்குக் கீழேயே. ஒகல்லாலா நிலத்தடி நீர். எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடப்பது. ஃப்ராங்க் ஸைபாக் என்ற விவசாயி 1952-ல் காப்புரிமை வாங்கிய ஒரு பாசன யந்திரமும் வந்தது. நடுவில் கிணறு, அதிலிருந்து கால் மைல் நீளக் குழாய், சக்கரக் கால்களில் நின்று, கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும். விமானத்திலிருந்து பார்த்தால் தரையெல்லாம் பச்சை அப்பளமாகத் தெரிகிறதே, இதுதான். ஒவ்வொரு அப்பளமும் ஒரு சதுரத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சதுரம் எவ்வளவு தெரியுமா? அதே 160 ஏக்கர். லிங்கனுடைய கட்டம்!

பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பியில் விதைக் கம்பெனி பெயர். எங்களைப் பார்த்து எந்த ஊர் என்றார். இந்தியா என்றோம். அங்கே என்ன பயிர் என்றார். எங்களிடம் எல்லோரும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள். முதல் தடவையாக ஒருவர் பயிரைப் பற்றிக் கேட்டதும் மாப்ளே குஷியாகிவிட்டான். நெல், சோளம், பருத்தி என்று அடுக்கினான்.

"தண்ணீர்?" என்றார் பெரியவர்.

மாப்ளே கையை விரித்தான். அவரும் அப்படியே விரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தாத்தா தூசியில் தாக்குப்பிடித்தவர். அப்பா கிணறு போட்டவர். நிமிஷத்துக்கு ஆயிரம் காலன் கொட்டும். அதே கிணறு இப்போது முந்நூறு. மழையிலிருந்து கீழே ஊறுவது இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஓர் அங்குலம்கூடக் கிடையாது. மேற்குக் கான்ஸஸில் சில இடங்களில் நீர்மட்டம் 150 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. பாதி நிலத்தை 'டிரைலேண்ட்' ஆக்கிவிட்டேன் என்றார்.

"மானாவாரி" என்று எனக்கு மொழிபெயர்த்தான் மாப்ளே.

ராத்திரி ஒரு வியட்நாமியக் கடையில் சோறு கிடைத்தது. இரண்டு நாள் பர்கருக்குப் பிறகு சோற்றைப் பார்த்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 1980-ல் பக்கத்து ஹோல்கம்பில் பிரம்மாண்டமான மாட்டிறைச்சித் தொழிற்சாலை திறந்தார்கள். தண்ணீர் மக்காச்சோளமாகி, சோளம் மாடாகி, மாடு அங்கே போகிறது. வேலைக்கு வியட்நாம், மெக்ஸிகோ, சோமாலியா, பர்மா என்று ஆட்கள் வந்தார்கள். குடியேற்றம் முடியவில்லை சார். பட்டாவுக்குப் பதிலாக ஷிப்ட் கார்டு, அவ்வளவுதான்.

சாப்பிட்டபடியே மாப்ளே சொன்னான். "எங்கப்பாவுக்கு அஞ்சு ஏக்கர்டா. மூணு போர் போட்டாரு. மூணாவது எழுநூறு அடி. வெறும் காத்துதான் வந்துச்சு. நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்ப மூணு ஏக்கரை வித்தாரு. அதைத் திரும்ப வாங்கணும்னுதான் இங்க வந்து இந்தப் பர்கரைத் தின்னுக்கிட்டிருக்கேன்."

கவுன்சில் க்ரோவில் அவன் ஏன் மௌனமானான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

★

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் நிகோடிமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான கறுப்பின மக்கள், கென்டக்கி மாநிலத்திலிருந்து 1877-ல் வந்து அமைத்த ஊர். அடுத்த வருஷம் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, ஊர் எங்கே என்று கேட்டாராம். புருஷன் கை காட்டினார். வீடே தெரியவில்லை. தரையிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. மண்ணைக் குடைந்து பொந்துக்குள் குடியிருந்தார்கள். அந்த அம்மாள் அழுதே விட்டார். ஆனால் ஓடவில்லை. தங்கினார்.

சில நூறு பேர், கடைகள், ஹோட்டல், பள்ளிக்கூடம் என்று ஊர் வளர்ந்தது. 1888-ல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் விலகிப் போனது. வியாபாரம் பாதை பக்கம் போய்விட்டது. நாங்கள் போனபோது ஐந்து பழைய கட்டடங்கள், கொஞ்சம் வீடுகள், நிறையக் காற்று. ஆனால் வருஷா வருஷம் ஜூலை கடைசியில் நாலா திசையிலிருந்தும் வாரிசுகள் வந்து கூடிவிடுகிறார்கள். நம்ம ஊர்க் கோயில் கொடைக்கு மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து ஓடுவோமே, அதே மாதிரி.

இந்தச் சீமையில் பல மாவட்டங்களில் நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது ஜனம் குறைவு. யந்திரம் வந்தது; பக்கத்து வீட்டான் விற்றான், இவன் வாங்கினான். 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்பது போய், இன்று கான்ஸஸில் சராசரிப் பண்ணையே 700 ஏக்கருக்கு மேல். பள்ளிக்கூடம் மூடினால் கடை மூடும். கடை மூடினால் ஊர் மூடும்.

கடைசியாக லிங்கன் என்று ஒரு சிற்றூர். நம்ம ஆப்ரஹாம் லிங்கன் பெயர்தான். வேலிக்கு மரம் இல்லாததால் கல்லையே வெட்டிக் கம்பமாக நட்டிருக்கிறார்கள், மைல் கணக்கில். இந்த ஊரும், மார்க்வெட் என்ற இன்னொரு ஊரும் ஆள் பிடிக்க ஒரு திட்டம் போட்டன. மார்க்வெட்டில் 2003-ல். என்ன திட்டம் தெரியுமா? வந்து வீடு கட்டிக் குடியிருக்கிறவனுக்கு இலவச மனை!

1862-க்குப் பிறகு மறுபடியும் இனாம்!

"மாப்ளே, மனு போட்டுடலாமா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "இனாமுன்னு ஒண்ணு இல்லடா. எருமை கொடுத்துச்சு, கா ஜனம் கொடுத்துச்சு, புல்லு கொடுத்துச்சு, இப்பத் தண்ணி கொடுக்குது. வாங்கினவன் கணக்குல மட்டும்தான் இனாம்" என்றான்.

அருகில் சலைனா நகரில் 1976 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வருஷா வருஷம் உழுது விதைக்கத் தேவையில்லாத, புல் மாதிரி ஆழ வேர் விட்டு நிலைத்து நிற்கும் தானியங்களை உருவாக்கப் பார்க்கிறார்கள். கெர்ன்ஸா என்று ஒன்று விளையவும் ஆரம்பித்துவிட்டது. கோதுமை அளவுக்கு மகசூல் இன்னும் வரவில்லை. நூற்றைம்பது வருஷம் எந்தப் புல்லைப் பிடுங்கினார்களோ, அந்தப் புல்லிடமே இப்போது டியூஷன்!

காரை ஓரம் கட்டச் சொல்லி, மாப்ளே ஊருக்குப் போன் போட்டான். அங்கே விடியற்காலை.

"அப்பா... ரெண்டு ஏக்கர் வாங்கலாம். ஆனா நாலாவது போர் வேணாம். மானாவாரியாவே இருக்கட்டும். வரப்போரம் மரம் வைங்க... ஆமா, நெசமாத்தான் சொல்றேன்... இல்லப்பா, குடிக்கலப்பா!"

திங்கட்கிழமை ஆபீஸ். டீம் லீடர் நேரே அவன் சீட்டுக்கு வந்தார். "என்னப்பா, பல் பிடுங்கியாச்சா?"

மாப்ளே ஒரு நிமிஷம் யோசித்தான்.

"இல்ல சார். வேர் ரொம்ப ஆழமாப் போயிருக்காம். பிடுங்கினாத்தான் ஆபத்துன்னு விட்டுட்டேன்."